ஷூ டப்பாவில் வந்த போன்

எங்கள் ஊர் செல்போன் பழுதுபார்ப்போர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரவேண்டுமாம். நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? "இதைத் தண்ணியில போட்டது யாரு?", "இதைத் திறந்து நோண்டினது யாரு?" என்று கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவள் நான். கழுத்து எலும்பு தேய்ந்துதான் வேலையை விட்டேன். வாய் மட்டும் தேயவில்லை. ஆகவே நல்ல வார்த்தையை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள், நடந்ததை மட்டும் எழுதித் தருகிறேன்.

எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம், போன வாரம் ஆம்பூர் பஜாரில் கண்ணில் பட்ட ஒரு பெட்டி. சார்ஜர் வாங்கப் போன கடையில் ஷாம்பு பாக்கெட் மாதிரி சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 'உங்கள் போனின் ஸ்டோரேஜை வீட்டிலேயே நீங்களே கூட்டிக்கொள்ளலாம்' என்று கொட்டை எழுத்து. உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், ஒரு இடுக்கி, பிளாஸ்டிக் தகடு, சிரிஞ்சில் ஏதோ பேஸ்ட். குழந்தைகளுக்கு டாக்டர் செட் வாங்கித் தருவோமே, அதே தினுசு. அந்த டாக்டர் செட்டால் இதுவரை யாரும் செத்ததில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். போனில் நீங்கள் எடுக்கிற போட்டோ, பேச்சு, கல்யாண வீடியோ எல்லாம் போய் உட்காருவது உள்ளே இருக்கிற ஒரு சின்னச் சிப்பில். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெளியே செருகி எடுக்கிற மெமரி கார்டு வேறு. இது போனுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அடியில் கடுகைவிடச் சின்ன ஈயக் குண்டுகள் வரிசையாக இருக்கும். போன் நிரம்பிப் போனால் இந்தச் சிப்பைக் கழற்றிப் பெரியதாகப் போடலாம். போடலாம்தான். வயிற்றைக் கிழித்துக் குடல் மாற்றுவதும் முடியும்தானே.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலூரில் ஐடிஐ, ஆம்பூரில் ஒரு டிவி ரிப்பேர் கடை, டிவி கடை படுத்ததும் இக்பால் பாய் செல்போன் கடை. கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சார் இல்லியா?" என்பார்கள். "இருக்காரே, டீ குடிக்கிறாரு" என்று பாயைக் காட்டுவேன். பாய், "சிப்பு வேலைன்னா அந்தம்மாதான். நான் கல்லாவுல உக்கார்றவன்" என்பார். அதற்கப்புறம் என் பெயர் 'சிப்பு மேடம்' ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த வாணி என்கிற பெயர் பாய் வாயில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

இக்பால் பாயைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்தவே மாட்டார். வாடிக்கையாளர் கத்தக் கத்த அவர் குரல் இறங்கும். கடைசியில் கத்துகிறவர், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே வாயை மூடுவார். வெள்ளை ஜிப்பாவில் ஒரு சொட்டு டீ பட்டதை நான் பார்த்ததில்லை. 'முடியாது' என்ற சொல்லையும் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்குப் பதில் அவரிடம் ஒரு பெஞ்ச் இருந்தது.

பெஞ்ச் என்றால் மர பெஞ்ச், கடை வாசலை ஒட்டிப் போட்டது. ஸ்டோரேஜ் கூட்ட வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் அதில் உட்கார வேண்டும். போனைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவரே பார்த்து, வேண்டாததை அவர் கையாலேயே அழிக்க வேண்டும். அழித்தும் இடம் போதவில்லை என்றால்தான் நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவேன். இது பாய் போட்ட சட்டம். ஊரில் வேறெந்தக் கடையிலும் கிடையாது.

அந்த பெஞ்சில் நான் பார்த்த மனித சுபாவம் இருக்கிறதே, அப்பப்பா! ஒரு தமிழ் வாத்தியார் வந்தார். போன் முழுக்கக் காலை வணக்கம். ரோஜாப்பூவில், டீ கிளாஸில், புறா இறக்கையில், எல்லாவற்றிலும் காலை வணக்கம். அழித்து முடிக்கிறதற்குள் சாயங்காலமாகிவிட்டது, மனுஷன் போனில் பாதி காலி. ஒரு தோல் மண்டி முதலாளி வந்தார். எடுத்த போட்டோ எல்லாம் பிரவுன் கலர் தோல். ஒரே பிரவுன். "இதுல ஒண்ணைத் தூக்குங்க சார்" என்றதற்கு, "எதம்மா தூக்குறது? இது டேன், இது காக்னக், இது டார்க் டேன். கண்ணு தெரியலியா உனக்கு?" என்று எகிறினார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பிரவுன்தான்.

பாய் மகான் என்று நினைத்துவிடாதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இடம் காலியான சந்தோஷத்தில் ஒரு கவரும் டெம்பர்டு கிளாஸும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். சிப்பு வேலை இல்லை, ரிஸ்க் இல்லை, லாபம் அப்படியே நிற்கும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. சிப்பு வேலையில் ஏதாவது கோளாறாகிவிட்டால், "என் வாழ்க்கையே அதுக்குள்ள இருந்துச்சி" என்று யாரும் அழ முடியாது. உள்ளே என்ன இருந்தது என்று அவரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருப்பாரே.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பெஞ்சுக்கு ஒருநாள் சாலமோன் வந்தார்.

சாலமோன் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருப்பவர். அவர் ஒட்டின சோல் பிய்ந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்று அவரே சொல்லுவார். "பாய், போனு ஃபுல்லாய்டுச்சி. பெரிய சிப்பா போட்டுக் குடுங்க" என்றார்.

"போடலாம் அண்ணே. மொதல்ல பெஞ்சுல உக்காருங்க. வேணாததைத் தூக்குங்க."

"வேணாதது ஒண்ணும் இல்ல பாய்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். மற்றவர்கள் மாதிரி கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டார். கேட்கிறார், உதடு துடிக்கிறது. இன்னொன்று கேட்கிறார், சிரிப்பு வருகிறது. யாராவது பக்கத்தில் வந்தால் சட்டென்று போனைத் தொடையில் கவிழ்க்கிறார். கடையில் நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டோம். இந்த வயதில் ஒரு பொம்பளை சங்காத்தம், போனில் குரல், அழிக்க மனசில்லை. வேறென்ன?

ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். "பாய், ஒண்ணுகூட தூக்க முடியல. அப்படியே போட்டுக் குடுங்க."

"அப்போ வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு நாளைக்கி வாங்க அண்ணே."

"இன்னா பாய் பேஜார் பண்றீங்க? என் போனு, என் துட்டு. ஊர்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்களா?"

பாயின் குரல் இறங்கியது. "இருக்காங்க அண்ணே. நிறைய பேர் இருக்காங்க." சாலமோன் கோபமாக இறங்கிப் போனார்.

வேறு கடைக்குப் போயிருந்தாலாவது தேவலை. மனுஷன் வீடியோ பார்த்தார்.

அடுத்த முறை அவர் வந்தபோது கையில் ஒரு ஷூ டப்பா இருந்தது. கூடவே அவர் மனைவி எஸ்தர். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார். நாங்கள் சந்தேகப்பட்ட பொம்பளை யாரென்று தெரிந்துகொள்ள அவரும் வந்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே புரிந்தது. டப்பாவைத் திறந்தேன். ஷூவுக்குச் சுற்றுகிற மெல்லிய காகிதம், அதற்குள் பிரித்துப் போட்ட போன். மூலையில் ஈரம் உறிஞ்சுகிற பாக்கெட், அதோடு ஒட்டினாற்போல் காகிதத்தில் மடித்துப் பழைய சிப்பு.

"இன்னா அண்ணே பண்ணீங்க?"

சாலமோன் பெருமையோடுதான் ஆரம்பித்தார். "வீடியோவுல ஒருத்தன் பண்ணான் சிஸ்டர். பேச்சே கிடையாது, மியூசிக்தான். சூடு காட்டுறான், சிப்பு வருது. பேஸ்ட் தடவுறான், புதுசை வெக்கிறான், மறுபடி சூடு காட்டுறான், ஒட்டிக்குது. இதைத்தானே சிஸ்டர் நான் டெய்லி பண்றேன்?"

கேட்கக் கேட்கத்தான் விவரம் தெரிந்தது. ஷூ கம்பெனியில் மேல்தோலில் விழுகிற சுருக்கத்தை எடுக்க ஒரு சூடு காற்று மிஷின் இருக்கிறது. லஞ்ச் நேரத்தில் அதைக் காட்டிப் பழைய சிப்பை எடுத்திருக்கிறார். அப்புறம் ஆன்லைனில் வாங்கின புதுச் சிப்பு. சோல் ஒட்டுகிறவன் முதலில் என்ன செய்வான்? ஒட்டுகிற இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவான்.

"எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"லைட்டாதான் சிஸ்டர். ரஃப் பண்ணலன்னா சொல்யூஷன் எப்படி பிடிக்கும்?"

"எதுல? சிப்புலயா, போர்டுலயா?"

"ரெண்டுலயும்தான். ரெண்டு பக்கமும் தடவி, காய வெச்சி, சூடு காட்டி, அமுக்கினேன். பிரஸ்ல வெக்கல, கையாலதான். நமக்கும் அறிவு இருக்குல்ல? இழுத்துப் பார்த்தேன், வரல. தரம் பார்க்கிற க்யூசி பொண்ணுகூட பார்த்துட்டு ஓகேன்னுச்சி."

பற்றவைக்கிற பேஸ்ட்டை அவர் சோல் ஒட்டுகிற பசை என்று நினைத்துவிட்டார். மின்சாரம் போக வேண்டிய இடத்தில் ஷூ சொல்யூஷனை ஊற்றியிருக்கிறார். அதைவிடக் கொடுமை, போர்டில் ஈயக் குண்டுகள் உட்கார வேண்டிய செம்புப் புள்ளிகளில் பாதியை எமரியால் தேய்த்து எடுத்துவிட்டார். இத்தனையிலும் உருப்படியாக அவர் செய்த ஒரே காரியம், பழைய சிப்பைத் தேய்க்காமல் டப்பாவில் பத்திரமாக வைத்தது. "ஏன்யா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" என்று கத்தியேவிட்டேன். பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அப்போது எஸ்தர் விரலைச் சொடுக்கினார். தன் போனில் டைப் செய்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'இதுல ஒரு பொம்பள பேசறா, கதவுக்கு வெளிய தெளிவா கேக்கல. பாத்ரூம்ல போய்க் கேட்டு சிரிக்கிறாரு. நான் வந்தா அமுக்கிடறாரு. யாருன்னு எடுத்துக் குடுங்க.'

நான் அதைச் சாலமோனிடம் காட்டினேன். அவர் பெஞ்சைப் பார்த்தார்.

"உன் குரல்தான். நீ கேட்டா மனசு நோவும்னுதான் அமுக்கிட்டேன்" என்றார் எஸ்தரிடம்.

எஸ்தருக்குத் தொண்டையில் புற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. மிஷின் வைத்துப் பேசக் கற்றுத் தருகிறோம் என்றார்களாம். "மிஷின் பேசும் சிஸ்டர். இவ பேச மாட்டாளே" என்றார் சாலமோன். ஆபரேஷனுக்கு முந்தி எஸ்தர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அந்தப் போனில் இருந்தன. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. அழித்து இடம் பண்ணச் சொன்னால் எதை அழிப்பார்? எஸ்தர் போனில் எதுவும் இல்லை. வீட்டைப் பெருக்குகிற மாதிரி தினமும் போனையும் பெருக்குகிறவர். எங்கள் பாய்க்கு ஏற்ற வாடிக்கையாளர். நெட்டில் பத்திரப்படுத்தலாமே என்றால், அந்தக் கணக்கும் நிரம்பிவிட்டது என்று போன் நச்சரித்திருக்கிறது. இவர் ஒவ்வொரு தடவையும் 'அப்புறம்' என்று அமுக்கியிருக்கிறார்.

எஸ்தர் நம்பவில்லை. மறுபடி டைப் செய்தார். 'பொய். எடுத்துக் காட்டுங்க, நம்பறேன்.'

நான் பாய் பக்கம் திரும்பினேன். அன்றைக்குச் சாலமோனை பெஞ்சில் உட்காரச் சொன்னதும், நாளைக்கு வா என்றதும் இவர்தானே? எனக்கு அப்போது பாய் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "சட்டம் போட்டீங்களே பாய், நல்லா போட்டீங்க" என்றேன். சூடு வைக்கிற வேலைக்குக் காற்று ஆகாது, பாய் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார், ஷட்டரைப் பாதி இறக்கினார். அதுதான் அவர் பதில்.

வேறு போனின் போர்டில் அந்தப் பழைய சிப்பை வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. சிப்பில் இருப்பது பூட்டின பெட்டி. சாவி அதே போர்டில், பக்கத்தில் இருக்கிற பிராசசர் என்கிற பெரிய சிப்பில் இருக்கிறது. அந்தச் சாவி வேறு எங்கும் கிடைக்காது. ஆக, எமரி வாங்கின அதே போர்டில்தான் உட்கார வைக்க வேண்டும். ஷூ மிஷினின் சூட்டைப் பிராசசர் ஏற்கெனவே வாங்கியிருக்கிறது. இன்னொரு தடவை அதிகமாக வாங்கினால் அவ்வளவுதான், எஸ்தரின் குரல் இரண்டாவது தடவையும் போய்விடும். அதுவும் என் கையால்.

முதலில் சொல்யூஷனைக் கரைத்தேன். சாலமோன் சொன்னது நிஜம், அந்த மனுஷன் ஒட்டினால் ஒட்டினதுதான். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து வைத்து, ஊற வைத்து, தகட்டால் மெல்ல மெல்லக் கிளப்பி, அந்தப் புதுச் சிப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பிராசசருக்குச் சூடு தாங்கும் டேப்பைச் சுற்றினேன். தேய்ந்துபோன புள்ளி ஒவ்வொன்றுக்கும் தடம் எங்கே ஓடுகிறது என்று தேடி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை அதிலிருந்து இழுத்து வந்து பற்றவைத்தேன். பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்தார். நான் அப்போதும் கம்பிதான் இழுத்துக்கொண்டிருந்தேன். சாலமோனும் எஸ்தரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு பழைய சிப்பு. அடியைச் சுத்தம் செய்து, சல்லடைத் தகட்டை வைத்துப் புது ஈயக் குண்டு போட்டேன். போர்டில் வைத்துச் சூடு காட்டினேன். பாய் பின்னால் வந்து நின்று, "சூடு பார்த்து வாணிம்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஈயம் இளகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழி உண்டு. இடுக்கியால் சிப்பை ஒரு ஓரத்தில் லேசாகத் தட்ட வேண்டும். இளகியிருந்தால் சிப்பு நகர்ந்துவிட்டுத் தானே பழைய இடத்துக்கு வந்து உட்காரும். தட்டினேன். நகர்ந்தது, வந்து உட்கார்ந்தது.

பேட்டரியை மாட்டினோம். கம்பெனி பெயர் வந்தது, அணைந்தது. மறுபடியும் வந்தது, அணைந்தது. எஸ்தர் எழுந்து நின்றுவிட்டார். மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தேன். ஒரு கம்பி விட்டிருந்தது. அதைச் சரி பண்ணி மூன்றாவது தடவை போட்டபோது போன் திறந்தது. திறந்ததும் அது சொன்ன முதல் வார்த்தை, 'இடம் போதவில்லை. தேவையற்றதை அழிக்கவும்.' இந்த எச்சரிக்கையைத் திட்டாமல் ஒரு நாள் போனதில்லை எனக்கு. அன்றைக்கு அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

எல்லாவற்றையும் முதலில் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டுதான் மறுவேலை. அப்புறம் ஒன்றை அமுக்கினேன். கடை முழுக்கக் கேட்டது. கணீரென்ற குரல்.

"யோவ், எங்கய்யா இருக்கே? பால் வாங்கப் போனியா, இல்ல பாலாத்துல தண்ணி வருதான்னு பாக்கப் போனியா?"

எஸ்தரின் கை துப்பட்டாவுக்கு மேல் தொண்டைக்குப் போயிற்று. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு விரலைச் சொடுக்கினார், அடுத்தது என்று. அடுத்ததும் திட்டுதான். அதற்கடுத்ததும். "சாப்ட்டியா? வெச்சிட்டு வந்தியே டிபன் பாக்ஸை, அறிவிருக்கா?" "மாத்திரையைப் போட்டியா, பைக்குள்ளயே வெச்சிருக்கியா?" சாலமோன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷனைப் பற்றித்தான் நாங்கள் கண்ணடித்துக்கொண்டோம்.

"பாத்ரூம் கொழா ஒழுவுது. ஆளைக் கூப்புடுன்னு எத்தினி தபா சொல்றது?" என்று ஒன்று வந்தது. எஸ்தர் நிறுத்தச் சொன்னார். சாலமோன் பக்கம் திரும்பினார். வேகமாக டைப் செய்து நீட்டினார். 'இன்னும் ஒழுவுது.' பாய் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சாலமோன் போனில் குரலை மட்டும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் இறக்கின மற்றதை எடுத்துக் கொஞ்சம் இடம் பண்ணினேன். எஸ்தர் கேட்டுக்கொண்டபடி அத்தனை மெசேஜையும் அவர் போனுக்கும் ஏற்றிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். பால், கொழா, மாத்திரை, சாப்ட்டியா, எங்க இருக்கே. வேண்டும்போது வேண்டியதை எடுத்து சாலமோனுக்கு அனுப்பிவிடுவார். ஒரு குடும்பம் நடத்தத் தேவையான திட்டு மொத்தமும் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. புதிதாக ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. சாலமோன் கம்பெனியில் லஞ்ச் நேரத்தில் இப்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே போட்டுக் கேட்கிறாராம்.

எஸ்தரிடமிருந்து வருகிறதை எல்லாம் சாலமோன் அழிக்காமல் பத்திரமாகவும் வைத்துக்கொண்டார். வேறென்ன ஆகும்? நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் கடைக்கு வந்தார்.

"சிஸ்டர், ஃபுல்லாய்டுச்சி. இந்தத் தடவை நான் தொடல. நீங்களே பெரிசா போடுங்க."

பழக்கதோஷத்தில் நான் பெஞ்சைக் காட்டினேன். பிரவுன் கலர் முதலாளி அதில் உட்கார்ந்து தோல் போட்டோவோடு மல்லாடிக்கொண்டிருந்தார். பாய் கல்லாவிலிருந்து குரலை இறக்கி, "அவர் உக்கார வேணாம் வாணிம்மா. நேரா சிப்பை எடு" என்றார். "அதென்ன பாய் அவருக்கு மட்டும்?" என்று முதலாளி எகிற, பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் போனை வாங்கி, அணைக்கிற பொத்தானில் விரலை வைத்தேன். அதற்குள் மெசேஜ் வந்து விழுந்தது. சாலமோன் என் தோளுக்கு மேலே எட்டி அதை அமுக்கினார்.

"யோவ், எங்கய்யா இருக்கே?"

"தோ, வந்துட்டேன் எஸ்தரு" என்று போனைப் பார்த்துச் சொன்னார். என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு படியில் இறங்கினார்.

"அண்ணே, சிப்பு?"

"நாளைக்கி மாத்திக்கலாம் சிஸ்டர். கூப்புடுறா."